ஆளில்லா வீடுகளின் விலை

தனக்கொரு தொடக்கம் இல்லாதவனாயினும் நம் தொடக்கங்களுக்கெல்லாம் முன்னே வந்து அமரும் ஆனைமுகத்தானின் திருவடி என் தலைமேல் நிற்பதாகுக. அடியும் முடியும் காட்டாது அழலாய் நின்ற அவன் தாதை, நான் சொல்லப்போகும் இருட்டுக்குள்ளும் ஒரு சுடராய் உடன் வருவானாகுக.

கார்த்திகை மாதத்து வளர்பிறை ஏகாதசியும் உத்தரட்டாதியும் கூடிய வியாழக்கிழமை, சுபவேளையில், யாழ்ப்பாணக் கடலிலுள்ள எங்கள் நெடுந்தீவு இறங்குதுறையில் படகேறினேன். கார்த்திகைத் தீபமாகிய விளக்கீட்டுக்கு ஊரில் இல்லாமற் போவது என் வாழ்நாளில் அதுவே முதன்முறை. ஆயினும் போகாதிருக்க இயலவில்லை. பெங்களூரில் தனித்திருக்கும் என் ஒரே தங்கை யோகம்மாவை ஊருக்கு அழைத்து வரவேண்டும் என்று புறப்பட்டேன்.

யோகம்மா போர்க்காலத்தில் இந்தியாவுக்குப் போனவள். வேலூர்ப் பக்கத்து லாரி மெக்கானிக் ஒருவரை மணந்து, அவர் தொழில் பார்த்த பெங்களூரிலேயே நிலைத்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை. கணவரும் சிவபதம் அடைந்துவிட்டார். ஈஜிபுராவில் அவள் குடியிருக்கும் வாடகை வீட்டை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டப் போவதாகவும், தைக்குள் காலி செய்ய வேண்டும் என்றும் வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். இனி அவள் போவது எங்கே என்பதே கேள்வி.

நானோ தீவின் கூட்டுறவுக் கடையில் முகாமையாளனாக இருந்து ஓய்வு பெற்றவன். மனைவி போய்ச் சேர்ந்தபின் தனியாள். எங்கள் ஒழுங்கையில், அந்தச் சிறு தெருவில், பெரும்பாலான வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. உரியவர்கள் கடல் கடந்து போய்விட்டார்கள். அவர்களுடைய திறப்புகள் சாவிக்கொத்துகளாய் என் வீட்டுச் சுவரில் தொங்குகின்றன. பொழுது சாயும் வேளையில் ஒவ்வொரு வீடாகத் திறந்து, சாமியறையில் விளக்கேற்றி, ஒரு பதிகம் பாடிவிட்டுப் பூட்டுவேன். அதையே கைப்பேசியில் பதிந்து தங்கைக்கும் அனுப்புவேன். இம்முறை அந்தத் திறப்புகளை மீன்பிடிக்கும் சின்னராசாவிடம் ஒப்படைத்துவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை பிற்பகல் பெங்களூரில் இறங்கியபோது தூறல் போட்டுக்கொண்டிருந்தது. தங்கை அனுப்பியிருந்த இடக்குறிப்பை ஆட்டோக்காரரிடம் காட்டினேன். அவர் மீசையைத் தடவியபடி கேட்டார்:

“அட்ரஸ் வாயில சொல்லுங்க சாமி. எந்த கிராஸ்?”

“ஏழாம் குறுக்குத் தெரு.”

“ஏழாவது கிராஸ் இங்க ஏகப்பட்டது கெடக்கு. எந்த மெயின்?”

எனக்குத் தெரியவில்லை. “சரி வுடுங்க, போன் சொல்ற எடத்துல எறக்கிடறேன். அப்புறம் எடம் இது இல்லன்னு என்னத் திட்டக் கூடாது, ஆமா” என்றார். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து, ஈஜிபுராவின் நெருக்கமான தெருக்களைத் தாண்டி, வானத்தை மறைத்து நின்ற ஓர் அடுக்குமாடிக் கோபுரத்தின் வாயிலில் என்னை இறக்கிவிட்டார். அவர் வாங்கிய கூலியில் எங்கள் படகில் போவதும் வருவதுமாகப் பல நாள் கழித்திருக்கலாம்.

என் தங்கை இத்தகைய மாளிகையில் வாழ்பவள் அல்லள் என்பது மட்டும் விளங்கிற்று. மூட்டையை இறக்கி வைத்து அண்ணாந்து பார்த்தேன். பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கையிலேயே மேலிருந்து கீழ்வரை சன்னல்கள் எல்லாம் ஒரே கணத்தில் ஒளிர்ந்தன. ஊரில் விளக்கு வைக்கும் நேரமென்றால் ஒரு வீடு முந்தும், ஒரு வீடு பிந்தும்; ஒருத்தி தீப்பெட்டி தேடுவாள். இங்கே ஒரே கண் இமை திறந்தது போலிருந்தது. நெடுநேரம் நின்றேன். ஒரு சன்னலிலும் ஒரு நிழல் அசையவில்லை.

“யாரு வேணும் சாமி?” என்று காவலாளி வந்தார். கிருஷ்ணகிரிப் பக்கத்துக்காரர், பெயர் கோவிந்தன் என்று பின்னர் அறிந்தேன். யோகம்மாவின் பெயரைச் சொன்னேன்.

“அட, யோகம்மாக்காவோட அண்ணனா? அக்கா வேலை முடிச்சுட்டு இப்பத்தான் போச்சு. நாளெல்லாம் இங்கயே கெடக்குதில்ல, போன்ல இந்த எடத்த அனுப்பிட்டிருக்கும்.”

“இவ்வளவு பெரிய வீடு. ஒரு சத்தமும் இல்லையே?” என்றேன்.

அவர் சிரித்தார். “இந்த டவர்ல லைட்டு எரியுதுன்னா ஆள் இருக்காங்கன்னு அர்த்தம் இல்ல சாமி. டைமர் போட்டு வெச்சிருக்காங்க. லைட்டு எரியலன்னாத்தான் உள்ள யாரோ தூங்குறாங்கன்னு அர்த்தம்.”

நானும் சிரித்தேன். சிரிப்பு அடங்கியபின் மறுபடியும் மேலே பார்க்க மனம் வரவில்லை.

யோகம்மாவின் வீடு அங்கிருந்து நடக்கும் தூரம்தான். கைகளை விரித்தால் இரு சுவரும் தொடும் தெரு. மாடிக்கு மேல் மாடி. ஒவ்வொரு படிக்கட்டிலும் செருப்புகள், அழும் குழந்தை, குக்கர் சீழ்க்கை, தமிழும் கன்னடமும் உருதும் கலந்த சண்டை. அவளுக்கு உரியது ஓர் அறையும் அதன் மூலையில் ஓர் அடுப்பும். “வாங்கோ அண்ணை, வாங்கோ. இப்பிடி இளைச்சுப்போனியள்!” என்று கையைப் பிடித்தவள் விடவேயில்லை. நான் கொண்டுபோன பனம்பண்டங்களை, புழுக்கொடியலையும் பனாட்டையும், முகர்ந்து பார்த்துப் பார்த்து வைத்தாள். சோறும் கத்தரிக்காய்ப் பால்கறியும் சொதியும் ஆக்கியிருந்தாள். தேங்காய்ப்பால் ஊர்ச்சுவையிலேயே இருந்தது. சொதிக்குள் மட்டும் இந்த ஊர் வெல்லம் எப்படியோ புகுந்துவிட்டிருந்தது.

உண்டபின் வந்த காரியத்தைத் தொடங்கினேன்.

“ஊரிலை வாடகை இல்லைப் பிள்ளை. கிணத்தடியிலை முருங்கை நிக்குது. நான் மச்சம் தின்னாதவன் எண்டு தெரிஞ்சும் சின்னராசா மீனோடை வந்து நிப்பான். உனக்கெண்டு என்ன செலவு வரப்போகுது?”

“காஸ் சிலிண்டர் படகுக் கூலியோடை என்ன விலை?”

சொன்னேன்.

“சீமெந்து? ஒரு லைட் பல்ப்? எல்லாம் கடல் கடந்தெல்லே வருது. இஞ்சை கீழ இறங்கினாக் கடை. நெஞ்சு நொந்தா அடுத்த தெருவிலை டொக்டர். அங்கை நெஞ்சு நொந்தா?”

“காத்து அடங்கினாப் படகு போகும்.”

“அடங்காட்டி?”

விலை சொல்லிப் பழகிய நான், எழுந்து போய்ப் பாயை விரித்தேன்.

சனிக்கிழமை என்னைச் சிவாஜிநகர்ச் சந்தைக்கு அழைத்துப் போனாள். பேருந்தில் அவளுக்குக் கட்டணம் இல்லை. இம்மாநிலத்தில் பெண்களுக்கு இலவசம். எனக்கு மட்டும் சீட்டுக் கிழித்த நடத்துநர், “பெரியவருக்கு மட்டும் தண்டம், அம்மாவுக்கு அரசாங்கம் தாய்வீடு” என்று கன்னடத்தில் சொன்னதாக யோகம்மா மொழிபெயர்த்தாள். பேருந்தே சிரித்தது. நெரிசலில் என் ஒரு செருப்பு எங்கோ போயிற்று. சந்தையில் முதலில் வாங்கியது செருப்புத்தான்.

கடைக்காரன் புத்தி என்னை விடுமா? கண்ட பொருளுக்கெல்லாம் விலை கேட்டேன். எங்கள் ரூபாய் மூன்றரை கொடுத்தால்தான் இவர்கள் ரூபாய் ஒன்று. மனத்துக்குள் பெருக்கிப் பெருக்கிப் பார்த்தேன். காய்கறி இங்கே நயம், நல்ல மலிவு. துணி மிக நயம். எங்கள் ஊரில் விலை என்ற ஒன்றே இல்லாத முருங்கைக்கீரையும் வாழையிலையும் இங்கே கட்டுக் கட்டாக விலை போகின்றன. தண்ணீருக்கு மாத்திரம் இரண்டு ஊரும் ஒன்று: உவர்நீர்த் தீவில் நாங்கள் பவுசருக்குக் காத்திருக்கிறோம், ஈஜிபுராவில் இவர்கள் டாங்கருக்குக் காத்திருக்கிறார்கள்.

ஒரு வெங்காயக் கடைக்காரர் பொறுமை இழந்தார். “பெரியவரே, எல்லாத்துக்கும் வெல கேக்குறீங்க, ஒண்ணும் எடுக்க மாட்றீங்க. சர்வே எடுக்க வந்தீங்களா?”

“அண்ணை பழைய கடைக்காரர். விலை கேக்காட்டி அவருக்குச் சாப்பாடு செரியாது” என்றாள் யோகம்மா. பிறகு அந்தச் சிரிப்போடேயே என் பக்கம் திரும்பி, “இவ்வளவு கேட்டியளே, வீட்டு வாடகையைக் கேக்கேல்லையே?” என்றாள்.

கேட்டேன். அவளுடைய ஒற்றையறைக்குரியதைச் சொன்னாள். நெடுந்தீவில் கல்வேலி சூழ்ந்த, நடுமுற்றம் வைத்த நாற்சார் வீட்டில் ஆண்டு முழுவதும் உயிர் வாழ அது போதும். பிறகு கோபுரத்து வீடு ஒன்றின் விலையைச் சொன்னாள். அந்தத் தொகையை என்னால் மனத்துக்குள் பெருக்க இயலவில்லை.

“அந்த விலையைக் குடுத்து வாங்கிப்போட்டு ஏன் அங்கை இருக்கினமில்லை?”

“எங்கட ஒழுங்கையிலை ஏன் இருக்கினமில்லை?” என்று திருப்பிக் கேட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பரணி. மாலையில் அவள் வேலைக்குப் புறப்பட்டபோது நானும் உடன் போனேன். வெளிநாட்டில் வாழும் உரிமையாளர்களின் வீடுகளைப் பார்த்துக்கொள்வது அவள் வேலை. சன்னல் திறந்து காற்று விடுவாள். குழாய்களைத் திறந்து நீர் ஓட விடுவாள், இல்லையேல் சாக்கடை வாடை மேலேறும். சாமி மாடத்தில் மின்விளக்கைப் போடுவாள். நான் தீவில் சும்மா செய்வதை இவள் இங்கே சம்பளத்துக்குச் செய்கிறாள் என்பதை எண்ணி வியந்தேன்.

“மேலை ஆக்களைக் கூட்டிப்போக விடமாட்டினம். கீழ கோவிந்தனோடை கதைச்சுக்கொண்டு இருங்கோ” என்று சொல்லிவிட்டு மேலே போனாள். கோவிந்தன் கொஞ்ச நேரம் பேசினார். பிறகு கொட்டாவி விட்டார். “எவ்ளோ நேரம் சாமி இப்படியே உக்காந்திருப்பீங்க? அக்கா பதினாலாவது மாடில இருக்கும். போய்ப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்” என்று மின்தூக்கியில் ஏற்றிப் பொத்தானையும் அழுத்தினார்.

நடுவில் ஒரு மாடியில் அது தானாக நின்றது. கதவு திறந்தது. வெளியே விளக்கு இல்லை, ஆளும் இல்லை. யாரோ அழைத்துவிட்டுப் போய்விட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கதவு மூடும்வரை எதற்காகவோ ஒதுங்கி இடம் விட்டு நின்றேன்.

பதினான்காம் மாடியின் நடைவழி நீளமானது. இருபுறமும் ஒரே மாதிரிக் கதவுகள். நான் அடி வைக்க வைக்க, தலைக்கு மேலே விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்தன. அசைவைக் கண்டு எரியும் விளக்குகள் அவை. எந்தக் கதவுக்குள் தங்கை இருக்கிறாள் என்று தெரியாமையால் அங்கிருந்த ஒரு மேடையில் அமர்ந்து, கண்மூடி ஐந்தெழுத்தை எண்ணத் தொடங்கினேன். சற்றுப் பொறுத்துக் கண் திறந்தேன். இருட்டு. அசையாதிருந்தமையால், அங்கே ஒருவரும் இல்லை என்று அந்தக் கட்டடம் முடிவு செய்துவிட்டது.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

எதிர்க்கதவுக்கு உள்ளிருந்து யாரோ ஒரு முதியவர் பதிகம் பாடினார். பண் பிசகவில்லை. சொல்லை நீட்டும் முறையில் எங்கள் தீவின் சாயல் தெளிவாக இருந்தது. கன்னட நாட்டில், பூட்டிய வீட்டுக்குள், எங்கள் கோயில் முறையில் ஓதுகிறவர் யார்? மயிர்க்கூச்செறிந்தது. அச்சமா பரவசமா என்று பிரித்தறியக் கூடவில்லை. எழுந்து கதவருகே போனேன்; விளக்குகள் எரிந்தன. என்னை அறியாமல் கை கூப்பி அசையாது நின்றேன்; விளக்குகள் மறுபடி அணைந்தன. மூன்றாவது பாட்டின் ஈற்றடியில் அவருக்கு மூச்சு முட்டிற்று. அடி பாதியில் அறுந்தது.

எங்கள் கோயிலில் ஒரு வழக்கம் உண்டு. பதிகம் பாடுகிறவருக்கு மூச்சு அறுந்தால், கேட்டு நிற்பவர் அந்த அடியை எடுத்துப் பாடி முடிக்க வேண்டும். அறுந்ததை அறுந்தபடி விட்டால் அந்த வீட்டுக்கு ஆகாது என்பார்கள். அந்தப் பழக்கத்தில், இடம் எது என்ற எண்ணமே இல்லாமல், உரத்த குரலில் மீதி அடியை எடுத்துப் பாடினேன். பாடி முடித்தும் விளக்கு எரியவில்லை. குரலுக்கு அவை எரிவதில்லை போலும்.

உள்ளே அந்த முதியவர் இருமினார். இரண்டு சிறு இருமல், நடுவில் தொண்டையைச் செருமல். அந்த இருமலை நான் அறிவேன். ஒவ்வொரு மாலையும் என் நெஞ்சுக்குள்ளிருந்து வருவது அது.

கதவுக்கு அப்பால் இருந்தவன் நான்.

உள்ளே ஏதோ விழுந்து உருண்டது. கதவு திறந்தது. யோகம்மா நின்றாள், முகத்தில் இரத்தம் இல்லை. என்னைப் பார்த்தாள், திரும்பி, மேசைமேல் பாடிக்கொண்டிருந்த பழைய கைப்பேசியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள். மெல்லக் கையை நீட்டி என் விரல்களைத் தொட்டு, சூடு இருக்கிறதா என்று பார்ப்பவள் போலப் பிடித்தாள்.

“அண்ணை… நீங்கள்தானே?”

“நான்தான் பிள்ளை. கோவிந்தன் அனுப்பினான்.”

பொலித்தீன் உறை பிரிக்காத சோபாவில் தொப்பென்று அமர்ந்தாள். மாளிகை போன்ற கூடம். மேசையில் தட்டுகளும் கரண்டிகளும் விருந்துக்குப் பரப்பியபடி. மீன்தொட்டியில் நீர் இல்லை, கூழாங்கற்கள் மட்டும்.

“தனிய இந்த வீடுகளுக்குள்ளை வர ஏலாது அண்ணை. அதுக்காகத்தான் நீங்கள் அனுப்புறதைப் போட்டுவிடுறனான். அந்த மூண்டாவது பாட்டிலை எப்பவும் அறும். ஆரும் எடுத்துக் குடுத்ததில்லை. எனக்கும் என்ட மனுசன் போனாப் பிறகு பாட வாய் வாறதில்லை. இண்டைக்கு எடுத்துக் குடுத்த குரலும் உங்கடை எண்டா நான் என்னெண்டு நினைப்பன்?”

அந்த நேரம் கூரையிலிருந்து ஒரு பெண்குரல் பேசிற்று: “ஆன்ட்டி, என்ன ஆச்சு? கூட யாரு நிக்குறாங்க?”

திடுக்கிட்டு நிமிர்ந்தேன். சுவரின் மூலையில் சிறு செங்கண் போல ஒரு கேமரா. வீட்டுக்காரி கனடாவிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண்ணாம்.

“என்ட அண்ணைதான் அம்மா. ஊரிலயிருந்து வந்திருக்கிறார்.”

“தினம் பாடுறவரா?” அந்தக் குரல் மகிழ்ந்தது. “வணக்கம் சார். எங்கம்மாவுக்காக வாங்கின வீடு சார் இது. குடி வர்றதுக்குள்ள அம்மா போயிட்டாங்க. சாயங்காலம் நீங்க பாடும்போது கேமராவுல கேட்டுட்டே இருப்பேன். வீட்ல யாரோ இருக்குற மாதிரி இருக்கும்.”

வாழ்க என்று சொன்னேன். எந்தத் திசையை நோக்கிக் கை உயர்த்துவது என்று தெரியவில்லை.

இறங்கும்போது யோகம்மா மின்தூக்கிச் சுவரில் சாய்ந்தபடி மெல்லச் சொன்னாள். “ஆடியிலை காத்து அடிச்சு ஊரிலை போன் வேலை செய்யாமக் கிடந்ததெல்லே? நீங்கள் இருக்கிறியளோ இல்லையோ எண்டு எனக்குத் தெரியேல்லை. அந்த நாள் முழுக்கவும் இஞ்சை நீங்கள் பாடிக்கொண்டுதான் இருந்தியள்.”

திங்கட்கிழமை விளக்கீடு. கோபுரத்தில் தீ வைக்கக் கூடாது. புகை கண்டால் மணி அலறுமாம். ஆகவே ஈஜிபுரா வீட்டு வாசலில் இருவருமாக அகல் ஏற்றினோம். எதிர்வீட்டுப் பெண் எட்டிப் பார்த்து, “என்னக்கா, அண்ணன் வந்ததும் தீபாவளி திரும்பி வந்துடுச்சா?” என்று கிண்டல் செய்து, தானும் இரண்டு விளக்குக் கொண்டு வந்து வைத்தாள். அந்த வெளிச்சத்தில் நின்றபடி சின்னராசாவை அழைத்தேன். யோகம்மாவும் கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டினேன். மறுபக்கம் மழையும் கடலும் இரைந்தன.

“ஓம் அண்ணை, எல்லா வீட்டுக்கும் பந்தம் நட்டாச்சு. நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ. பூட்டிக் கிடக்கிற வீடுகளோடை உங்கட வீட்டையும் சேர்த்துப் போட்டன்.”

நல்ல எண்ணத்தில்தான் சொன்னான். நானும் “சந்தோசம் சின்னராசா” என்றேன். ஆனால் என் கண்முன்னே எங்கள் ஒழுங்கை நின்றது: ஒரே உயரப் பந்தங்கள், ஒரே மாதிரிப் பூட்டுகள், அவற்றுள் ஒன்று என்னுடையது.

யோகம்மா குனிந்தாள். காற்றில் அணைந்த ஓர் அகலை மறுபடி ஏற்றினாள். இனி என்ன விலை சொல்லி இவளை அழைப்பது என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கையில், “அந்த இருமலுக்கு மருந்து எடுக்கிறியளே?” என்று கேட்டாள்.

“கசாயம் குடிக்கிறனான்.”

“கசாயமாம்!” என்று அதட்டினாள். பிறகு விளக்கைப் பார்த்தபடியே, “தைக்கு வாறன். டொக்டரைக் காட்டி மருந்து வாங்கிக்கொண்டு வாறன். விலை கிலை எண்டு இனி ஒண்டும் கதையாதேங்கோ” என்றாள்.

பொங்கல் கழிந்து வந்தாள். இதை எழுதும்போது அடுத்த அறையில் திரி திரித்துக்கொண்டிருக்கிறாள். படகுக் கூலியையும் காஸ் விலையையும் நாள்தோறும் வைகிறாள். முருங்கைக்கீரையைப் பறிக்கும்போதெல்லாம் சிவாஜிநகரில் அதன் விலையைச் சொல்லிச் சிரிக்கிறாள். இப்போது பூட்டிய வீடுகளுக்கு இருவருமாகப் போகிறோம். மூன்றாவது பாட்டின் ஈற்றடியில் எனக்கு மூச்சு முட்டும்போது, பின்னாலிருந்து அவள் எடுத்துக் கொடுக்கிறாள்.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டியிருக்கிறது. யோகம்மா திறப்புகளை ஒப்படைத்தபோது கனடாப் பெண் கெஞ்சினாளாம்: “அந்த போனை மட்டும் அங்கயே விட்டுட்டுப் போங்க ஆன்ட்டி.” பொழுது சாயும் வேளையில் தானாகப் பாடும்படி கோவிந்தன் அதை மின்னிணைப்பில் செருகி வைத்திருக்கிறார். பெங்களூரில் என் போன்றவனுக்கு எட்டாத விலையுள்ள வீட்டில், வாடகை இன்றி, என் குரல் குடியிருக்கிறது. தங்கை என் அடியை எடுத்துக் கொடுக்கும் அந்தக் கணத்திலேயே, அங்கேயும் அது மூச்சு முட்டி நிற்கும். எடுத்துக் கொடுக்க யாரும் இல்லை. இருமிவிட்டு, அடுத்த பாட்டுக்குப் போய்விடும். வெளியே நடைவழி விளக்குகள் எரியா. நான் போன பின்னும் அது அப்படியே பாடும் என்பதை நினைக்கும்போது, விளக்கின் திரியைச் சற்றே தூண்டிவிட்டுக்கொள்கிறேன்.

இதைப் படிப்பவர் எல்லோரும் வாழ்க. உங்கள் வீட்டு விலை ஏறினும் இறங்கினும், பொழுது சாயும் வேளையில் அங்கே ஓர் உயிர் அசைந்துகொண்டிருக்கட்டும். உங்கள் மூச்சு அறும் இடத்தில் மீதி அடியை எடுத்துக் கொடுக்க, கூப்பிடு தூரத்தில் ஒரு குரலை எம்பெருமான் வைத்தருள்வானாகுக.